முகட்டின் ஈரமும் மரத்தின் நாட்காட்டியும்

மலை மரங்கள் எப்போது பூக்கின்றன என்பதை உயரமும் தட்பவெப்பமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஆயினும் அவ்விரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது எல்லா மலைகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. இமயத்திலும் ஆல்ப்ஸிலும் உயரம் என்றால் முதலில் குளிர். வங்கக் கடலின் நடுவிலுள்ள அந்தமான் தீவுகளில் உயரம் என்றால் முதலில் ஈரம். தாவரங்கள் தளிர்ப்பது, பூப்பது, காய்ப்பது, இலை உதிர்ப்பது ஆகியவற்றின் காலத்தை ஆராயும் துறைக்குப் பருவவியல் என்று பெயர். அத்துறையில் எழுதப்பட்ட தொடக்க விதிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதால், அவை வெப்பமண்டலத் தீவு மலை ஒன்றில் எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்று கேட்பது, விதியையும் மலையையும் ஒருசேரப் புரிந்துகொள்ள உதவும்.

அவ்வாறு கேட்பதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று தெற்கு அந்தமானிலுள்ள பாம்பூஃப்ளாட். போர்ட் பிளேரின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாத்தம் ஜெட்டியிலிருந்து படகேறி விரிகுடாவின் மறுகரையில் இறங்கினால் வருவது பாம்பூஃப்ளாட் ஜெட்டி. அங்கிருந்து மேலேறும் சாலை, நீண்டகாலம் மவுண்ட் ஹாரியட் என்றும் 2021 முதல் மவுண்ட் மணிப்பூர் என்றும் வழங்கும் மலையின் முகட்டை அடைகிறது. ஆங்கிலேயர் காலத்தில் தலைமை ஆணையரின் கோடை வாசமாக இருந்த இம்மலையிலிருந்து தெரியும் நார்த் பே காட்சியே பழைய 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 365 மீட்டர் உயரமே உடைய இதனை நீலகிரியையோ பழனி மலையையோ பார்த்துப் பழகியவர்கள் குன்று என்றுதான் சொல்வார்கள். எனினும் அலைவிளிம்பில் தொடங்கி முகட்டுப் பசுமைமாறாக் காடு வரை தாவர வகைகள் மாறிக்கொண்டே செல்வதை அரை நாள் நடையில் பார்த்துவிடக்கூடிய மலைச்சரிவு இது. உயரத்தின் விளைவையும் நீரின் விளைவையும் பிரித்து அறிவதற்கு இத்தகைய குறுகிய சரிவுகள் நெடுமலைகளைவிடச் சில வகைகளில் வசதியானவை.

குளிர்நாட்டு மலைகளின் விதி

தாவரத்தின் வளர்ச்சி நிலைகளை நாள்தோறும் சேரும் வெப்பத்தின் கூட்டுத்தொகையால் கணக்கிடலாம் என்ற எண்ணத்தை 1735-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிவியலாளர் ரெயோமூர் முன்வைத்தார். அதே எண்ணத்தை நிலப்பரப்பின் மீது விரித்தவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ டெல்மர் ஹாப்கின்ஸ். 1918-இல் அவர் வெளியிட்ட விதியின்படி, வட அமெரிக்காவின் மிதவெப்பப் பகுதிகளில் வசந்தகால நிகழ்வுகள் வடக்கே ஒரு பாகை அட்சரேகைக்கு 4 நாளும், கிழக்கே 5 பாகை தீர்க்கரேகைக்கு 4 நாளும், மேலே 400 அடி உயரத்துக்கு 4 நாளும் தாமதமாகின்றன. 400 அடி என்பது ஏறத்தாழ 122 மீட்டர் என்பதால், ஆயிரம் மீட்டர் ஏறினால் பூப்பு ஒரு மாதத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பின்தள்ளப்படும் என்பது இவ்விதியிலிருந்து கிடைக்கும் கணக்கு.

இதன் அடிப்படை எளிது. காற்று மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைந்து விரிவடைகிறது, விரிவடையும்போது குளிர்கிறது. இதனால் வளிமண்டலத்தில் ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைந்துகொண்டே போகிறது. குளிர்காலத்தில் மொட்டுகளை உறங்க வைத்திருக்கும் மரங்களுக்கு, முதலில் குறிப்பிட்ட அளவு குளிரும் பின்னர் குறிப்பிட்ட அளவு வெப்பமும் கிடைத்தால்தான் உறக்கம் கலையும். உயரத்தில் அந்த வெப்பம் சேர்வதற்குக் கூடுதல் நாட்கள் ஆவதால் பூவும் தளிரும் தாமதமாகின்றன.

உலகம் வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் அந்த விதியே தளர்ந்து வருகிறது என்பது ஆல்ப்ஸ் மலைகளில் நடந்த ஆய்வின் முடிவு. வித்தாஸ் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆயிரம் மீட்டருக்கு 1960-இல் 34 நாளாக இருந்த தளிர்ப்புத் தாமதம் 2016-இல் 22 நாளாகச் சுருங்கிவிட்டது. அடிவாரத்து மரங்களுக்குப் போதிய குளிர்காலம் கிடைக்காமல் போவதும் உயரத்து மரங்களுக்கு வெப்பம் முன்கூட்டியே கிடைப்பதும் இதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இமயத்தில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் அர்போரியம் மரத்தின் உலர்தாவரத் தொகுப்புகளையும் களப் பதிவுகளையும் ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, மத்திய இமயப் பகுதியில் அதன் பூப்பு நூறாண்டுகளில் 88 முதல் 97 நாட்கள் வரை முன்னேறியிருக்கும் என மதிப்பிட்டது. இம்மரத்தின் தென்னிந்திய உள்ளினமே நீலகிரிச் சோலைகளின் ஓரங்களில் காட்டுப்பூவரசு என்ற பெயரில் நிற்கிறது.

அந்தமானின் சிறிய வெப்பக் கணக்கு

ஹாப்கின்ஸ் விதியை அப்படியே பாம்பூஃப்ளாட்டுக்குப் பொருத்தினால், ஜெட்டியருகே பூக்கும் மரம் முகட்டில் 12 நாள் கழித்துப் பூக்க வேண்டும். ஆனால் இக்கணக்கின் முதல் படியே இங்கு இல்லை. 365 மீட்டர் உயரம் தரும் குளிர்ச்சி ஏறத்தாழ 2.4 பாகை மட்டுமே. சுற்றிலும் கடல் இருப்பதால் தீவின் பகல் வெப்பம் பொதுவாக 30 பாகையை ஒட்டியும் இரவு வெப்பம் 23, 24 பாகையை ஒட்டியும் ஆண்டு முழுவதும் நிற்கிறது. அதாவது முகட்டுக்கும் அடிவாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மூன்று மடங்கு பெரிது. உறைபனி இங்கு ஒருபோதும் இல்லை. மொட்டை உறங்க வைக்கும் குளிர்காலமும் இல்லை. உறக்கமே இல்லாத இடத்தில், உறக்கம் கலைவதற்கு எத்தனை நாள் என்ற கேள்வி எழாது.

ஆனால் மரங்கள் இங்கு பருவமின்றிப் பூப்பதில்லை. இலையற்ற கிளைகளில் தித்போக் மரம் பூப்பதும், மழை நாட்களில் படாக் மரம் மஞ்சளாகப் பூப்பதும், பின்மா மரம் ஊதாப் பூங்கொத்துகளை நீட்டுவதும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒழுங்காக நடைபெறுபவை. குளிர் இல்லாத இடத்தில் இந்த ஒழுங்கைத் தருவது எது என்பதே வெப்பமண்டலப் பருவவியலின் மையக் கேள்வி. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றிலிருந்து பிறக்கும் மரமும் பூவும் கருப்பொருள் என்றும் வகுத்த தமிழ்த் திணைக் கோட்பாடு இக்கேள்வியை அணுக நல்ல சட்டகமாக அமைகிறது. அக்கோட்பாட்டில் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரும் முன்பனியும் குறிக்கப்படுகின்றன. மலை என்னும் இடத்தை அதன் பருவத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

நான்கு மாத வறட்சி

போர்ட் பிளேர் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னை பெறும் மழையைப்போல் இரு மடங்குக்கும் மேல். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, பொதுவாக மே மாதத்தின் மூன்றாம் வாரத்தை ஒட்டி, அந்தமானை வந்தடைகிறது. அது ஓய்ந்த பின் வடகிழக்குக் காற்று நவம்பர், டிசம்பர் மாதங்களில் மேலும் சிறிது மழையைக் கொண்டுவருகிறது. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதங்களில் விழுவது ஆண்டு மழையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெப்பமண்டலக் காடு ஒன்று இலைகளின் வழியாகவும் மண்ணின் வழியாகவும் ஒரு மாதத்தில் வெளியேற்றும் நீர் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் என்பதால், அதற்குக் குறைவாக மழை பெறும் மாதத்தைச் சூழலியலாளர் வறண்ட மாதம் என வரையறுக்கின்றனர். அந்த அளவுகோலின்படி, ஆண்டு முழுவதும் பச்சையாகத் தோன்றும் அந்தமானுக்கும் உண்மையான ஒரு வறண்ட பருவம் உண்டு.

இந்த வறண்ட பருவத்தை மரங்கள் எதிர்கொள்ளும் வழிகளே பூக்காலத்தை வகுக்கின்றன. முதல் வழி இலையுதிர்ப்பு. மண்ணின் ஈரம் குறையும்போது மரத்தின் தண்டில் நீர் இழுவிசை கூடுகிறது. முதிர்ந்த இலைகள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் உதிர்கின்றன. இலைகள் போன பின் நீர் வெளியேறும் வாயில் அடைபடுவதால், ஆழத்து வேர்கள் எடுக்கும் சிறிதளவு நீரே தண்டை மீண்டும் நிரப்பப் போதுமானதாகி, ஒரு துளி மழையும் இல்லாமலே மொட்டுகள் பருக்கத் தொடங்குகின்றன. கோஸ்டாரிகாவின் வறண்ட காடுகளில் பல ஆண்டுகள் ஆய்ந்த ரால்ஃப் போர்ஷெர்ட், இந்த நீர் மீட்சியே வறட்சிக் காலப் பூப்பின் திறவுகோல் என்று காட்டினார். தண்டில் மிகுதியாக நீர் சேமிக்கும் மென்மரங்கள் வறட்சியின் நடுவே பூப்பதையும், சேமிக்க இயலாத கடினமரங்கள் மழைக்குக் காத்திருப்பதையும் அவர் வேறுபடுத்தினார்.

அந்தமான் மரத்தொழிலில் தித்போக் எனப்படும் டெட்ராமெலெஸ், தீடு எனப்படும் பாம்பாக்ஸ் இன்சைன் ஆகிய இரண்டும் இந்த முதல் வகைக்குத் தக்க எடுத்துக்காட்டுகள். தமிழகத்துச் செவ்விலவின் நெருங்கிய உறவான தீடு, இலையுதிர்ந்த கிளைகளில் பெரிய பூக்களைத் தாங்குகிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்றிருக்கும் தித்போக்கும் இலையில்லாத வறண்ட மாதங்களில்தான் பூக்கிறது. இலை மறைக்காத கிளையில் பூப்பதால், பூ வெகுதொலைவிலிருந்தே பறவைக்கும் பூச்சிக்கும் தெரிவதோடு, மகரந்தம் மழையில் நனைந்து கெடாமலும் இருக்கிறது.

இரண்டாம் வழி மழைக்காகக் காத்திருப்பது. இவ்வகையில் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த சான்று காப்பி. ஏற்காட்டிலும் கூடலூரிலும் குடகிலும் காப்பிச் செடியின் மொட்டுகள் வளர்ந்து குறிப்பிட்ட அளவை எட்டியதும் நின்றுவிடுகின்றன. சில வாரங்கள் வறட்சியைத் தாங்கிய பிறகு பெய்யும் முதல் நல்ல மழைக்குப் பின், ஒரு வாரம் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. வறட்சி இல்லாமல் தொடர்ந்து நீர் பெறும் செடியில் இந்த ஒருமித்த பூப்பு நிகழ்வதில்லை என்பதை 1960-இல் பிரேசில் ஆய்வாளர் அல்விம் விளக்கினார். ஆக, மழை தூண்டுகோலாக வேண்டுமானால் அதற்கு முன் வறட்சி தேவை. வேங்கை இனத்தைச் சேர்ந்த மரங்களிலும் இதே இயல்பைக் காணலாம். மியான்மரில் ஏப்ரல் புத்தாண்டை ஒட்டிய முதல் மழைக்குப் பின் அந்நாட்டுப் படாக் மரங்கள் ஒரே நாளில் பொன்னிறமாகப் பூத்து உதிர்வதும், சிங்கப்பூர்ச் சாலைகளில் அங்சானா மரங்கள் வறண்ட நாட்களுக்குப் பின் பெய்த மழையைத் தொடர்ந்து மொத்தமாகப் பூப்பதும் பலர் கண்டவை. இவ்விரண்டின் உறவினமான அந்தமான் படாக், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அரசு மரம். கோடையில் சிறிது காலம் இலையற்று நின்று, மழையோடு தளிர்த்து, மழைக்காலத்தில் மஞ்சளாகப் பூக்கிறது. தீவுகளின் அரசு மலரான பின்மாவும் மழைக்காலத்துக்கு உரியதே.

இந்த வறட்சி மலை முழுவதும் ஒரே நாளில் வருவதில்லை: வேகமாக வடியும் சரிவின் மெல்லிய மண் முன்னதாக வறள்கிறது; பள்ளத்தின் ஆழமான வண்டல் தாமதமாக வறள்கிறது. ஒரே இன மரம் இவ்விரு இடங்களிலும் நின்றால், அவற்றின் இலையுதிர்ப்பும் அதைத் தொடரும் பூப்பும் வேறுபடக்கூடும். அந்த வேறுபாட்டை உயரத்தின் கணக்கில் எழுதிவிடுவது பிழையாகும். மலைச்சரிவில் மீட்டர் கணக்கைவிட மண்ணின் ஆழமும் சரிவின் திசையும் சில நேரங்களில் அதிகம் பேசுகின்றன. நீலகிரியில் இதைப் பேரளவில் காணலாம்: மேற்கு விளிம்பிலுள்ள அவலாஞ்சி தென்மேற்குப் பருவமழையில் மூழ்குகிறது, கிழக்கு விளிம்பிலுள்ள கோத்தகிரி வடகிழக்குப் பருவமழையை அதிகம் நம்புகிறது, ஒரே மலைத்தொகுதியில் இருந்தும் இரு இடங்களின் ஈர மாதங்கள் வேறு என்பதால் மரங்களின் நாட்காட்டியும் வேறாகிறது.

ஒளியின் பங்கு

நீர் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று கருதுவதற்குத் தடையாக நிற்பது பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் நடந்த சோதனை. 1980-களின் பிற்பகுதியில் தொடங்கி ஐந்து ஆண்டுகள், வறண்ட பருவம் முழுவதும் காட்டின் சில பகுதிகளுக்குக் குழாய் வழியாக நீர் பாய்ச்சிப் பார்த்தனர். மண் ஈரமாகவே இருந்தும் பெரும்பாலான மர இனங்கள் தங்கள் வழக்கமான காலத்திலேயே தளிர்த்தன, பூத்தன. மேகமில்லாத வறண்ட மாதங்களில் கிடைக்கும் மிகுதியான சூரிய ஒளியே பூவுக்கும் காய்க்கும் வேண்டிய மாவுப்பொருளைத் தருகிறது என்பதால், ஆழத்து நீர் உள்ள வரை மரங்கள் ஒளி மிகுந்த மாதங்களைத் தேர்ந்துகொள்கின்றன என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

ஒளியின் மற்றொரு முகம் பகலின் நீளம். ஏறத்தாழ 11 பாகை 40 கலை வட அட்சரேகையிலுள்ள பாம்பூஃப்ளாட்டில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 80 நிமிடம்தான். இவ்வளவு சிறிய மாற்றத்தை மரம் உணருமா என்ற ஐயத்துக்கு, தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளின் வறண்ட காடுகளைக் குறித்து 2002-இல் வெளிவந்த ஆய்வு விடை தந்தது: மழை வருவதற்கு முன்பே, கோடையின் உச்சத்தில், பல மரங்கள் ஒரே சமயத்தில் தளிர்ப்பதற்குப் பகல் நீளத்தில் ஏற்படும் அரைமணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உள்ள மாற்றமே போதும். மழை ஓர் ஆண்டு முந்தும், ஓர் ஆண்டு பிந்தும். பகலின் நீளம் ஒருபோதும் தவறாது. எனவே பகல் நீளத்தைப் பார்த்து இயங்கும் மரங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே தேதியிலும், மழையைப் பார்த்து இயங்கும் மரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் தேதியிலும் பூக்கின்றன.

பகலின் நீளம் அடிவாரத்துக்கும் முகட்டுக்கும் ஒன்றே. மாறுவது அந்தப் பகலில் இலைக்கு உண்மையில் வந்து சேரும் ஒளி. அதை மாற்றுவது மேகம்.

மேகம் தொடும் உயரம்

பெரிய மலைத்தொகுதிகளில் உயரே போய்த் தொடங்கும் தாவர வகைகள், கடலோரச் சிறு மலைகளில் தாழ்ந்த உயரத்திலேயே தோன்றிவிடுகின்றன. ஆல்ப்ஸில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நிகழ்வு, மலைத்திரள் விளைவு எனப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சோலைக்காடுகளைப் பார்க்க 1,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மலேசியாவின் சபா மாநிலக் கடலோரத்திலுள்ள குனுங் சிலாம் மலையிலோ 884 மீட்டர் முகட்டை ஒட்டியே பாசி போர்த்த குட்டைக் காடு நிற்கிறது. சிறிய தீவு மலையில் மேகம் தாழ்வாக உருவாவதே இதற்கு முக்கியக் காரணம்.

மேகத்தின் அடித்தளம் எந்த உயரத்தில் அமையும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிரவைத்தால் அதிலுள்ள நீராவி துளிகளாகத் தொடங்குமோ அது பனிநிலை எனப்படும். காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 125 மீட்டர் என்று கொண்டால் மேகத்தளத்தின் உயரம் கிடைக்கும். பருவமழை நாளொன்றில் காற்று 28 பாகையும் பனிநிலை 25 பாகையும் இருந்தால் மேகத்தளம் 375 மீட்டர். அதாவது மவுண்ட் மணிப்பூரின் முகட்டளவு. கோடை நாளொன்றில் காற்று 30 பாகையும் பனிநிலை 22 பாகையும் இருந்தால் மேகத்தளம் 1,000 மீட்டருக்கு எழும்பிவிடுகிறது. முகடு மழைக்காலத்தில் மேகத்துக்குள் முழுகியிருக்க, வறண்ட மாதங்களில் அடிவாரத்தைப் போலவே வெயிலில் காய்கிறது. பாம்பூஃப்ளாட் மலையில் உயரம் செய்யும் பெரிய மாற்றம் இதுவே: குளிர்ச்சி ஆண்டு முழுவதும் சிறிதளவே, ஈரமும் மங்கலான ஒளியும் பாதி ஆண்டு மிகுதியாக.

இதன் சுவடு காட்டின் அமைப்பில் தெரிகிறது. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் இருவரும் 1968-இல் அந்தமானில் பல காட்டு வகைகளைக் குறித்தனர். அவற்றுள் குன்றுச் சரிவுகளில் படாக், சுக்லம், தூப், பின்மா முதலியன கலந்த ஈர இலையுதிர் காடும், பள்ளங்களில் கர்ஜன் மரங்கள் மேலோங்கிய உயர்ந்த பசுமைமாறாக் காடும், முகடுகளில் குன்றுச்சிப் பசுமைமாறாக் காடும் அடங்கும். கீழே பசுமைமாறா மரம், இடையில் இலையுதிர்ப்பது, மேலே மீண்டும் பசுமைமாறா மரம் என்று அமையும் இடங்களில், உயரம் கூடக் கூட ஒரே திசையில் மாற்றம் நிகழும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போகிறது. காற்று மோதும் முகட்டில், மெல்லிய மண்ணில் வளரும் கர்ஜனின் சிறு இனங்களும் நாகமரமும் கீழுள்ள தம் உறவினங்களைவிடக் குட்டையானவை. இலங்கையின் தேசிய மரமாகிய நாகமரம், பொதுவாக வறண்ட மாதங்களில் சிவந்த தளிர்களோடு மணமிக்க வெண்பூக்களைத் தருவது. தளிரும் பூவும் ஒருசேர வருவது, இலையை உதிர்த்து நீரை மிச்சப்படுத்தாமல் இலையை மாற்றிக்கொண்டே பூக்கும் பசுமைமாறா மரங்களின் வழி.

இதே வழியின் தமிழகச் சான்று, திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில், 1,200 மீட்டருக்கு மேலுள்ள கக்காச்சிக் காட்டில் கிடைக்கிறது. இரு பருவமழையும் பெய்யும் அக்காட்டில் வெடிப்பலா மரம் குறுகிய வறண்ட காலத்தில் பூக்கிறது. வேறு கனிகள் அரிதாகும் அம்மாதங்களில் அதன் சதைப்பற்றுள்ள பூக்கள் சோலைமந்தி உள்ளிட்ட பல விலங்குகளுக்கு உணவாவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மரத்தின் நாட்காட்டி பிழைத்தால் பட்டினி கிடப்பவை அதைச் சார்ந்த உயிர்கள் என்பதற்கு இம்மரம் நல்ல சாட்சி.

கர்ஜனும் குளிர்ந்த இரவுகளும்

வெப்பமண்டலத்தில் குளிருக்குப் பங்கே இல்லை என்று முடிவுகட்டிவிடவும் இயலாது. கர்ஜன் அடங்கிய டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் மலேசியா, போர்னியோ காடுகளில் பல ஆண்டுகள் பூக்காமல் இருந்துவிட்டு, இரண்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கான இனங்களோடு சேர்ந்து ஒரே பருவத்தில் பூத்துக் காய்க்கின்றன. பீட்டர் ஆஷ்டனும் உடன் ஆய்ந்தவர்களும் 1988-இல் இதற்குத் தந்த விளக்கம், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று இரவுகளோ அதற்கு மேலோ ஏறத்தாழ 2 பாகை தாழ்ந்தால் அதுவே தூண்டுகோலாகிறது என்பது. எல் நினோ ஆண்டுகளில் வானம் தெளிந்து இரவுகள் குளிர்வதோடு அவர்கள் இதைத் தொடர்புபடுத்தினர். பின்னர் வந்த ஆய்வுகள் வறட்சியையும் இதில் சேர்த்தன. சரவாக்கில் ஷோரியா பெக்காரியானா மரத்தை ஆய்ந்தவர்கள் 2013-இல், வறண்ட நாட்களை ஒட்டி அம்மரத்தின் பூத்தூண்டு மரபணுக்கள் விழித்தெழுவதைக் காட்டினர்.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. இரண்டு பாகை குளிர் போர்னியோவில் காடு முழுவதையும் பூக்க வைக்குமானால், பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கும் முகட்டுக்கும் உள்ள 2.4 பாகை வேறுபாடு ஏன் அத்தகைய விளைவைத் தரவில்லை? முகட்டு மரம் பிறந்தது முதல் அந்தக் குளிர்ச்சியிலேயே வாழ்கிறது என்பதே விடை. உயரம் தரும் குளிர் நிலையானது. பூவைத் தூண்டுவது மாறும் குளிர். நீருக்கும் இதே விதிதான்: ஈரமான இடத்தில் மரம் நிற்கிறது என்பது பூப்பைத் தீர்மானிப்பதில்லை, ஈரத்திலிருந்து வறட்சிக்கும் வறட்சியிலிருந்து ஈரத்துக்கும் நிலைமை மாறும் நாளே தீர்மானிக்கிறது. உயரம் நேரடித் தூண்டுகோல் அன்று. தூண்டுகோல் எந்த நாளில் எந்த மரத்தை வந்தடையும் என்பதை முன்பின் நகர்த்தும் ஒரு நெம்புகோல். ஆண்டுதோறும் வறண்ட பருவம் தவறாமல் வரும் மியான்மர், தாய்லாந்து, அந்தமான் காடுகளில் டிப்டெரோகார்ப் மரங்கள் எல் நினோவுக்குக் காத்திராமல் வறண்ட பருவத்தை ஒட்டியே பெரும்பாலும் பூப்பதும் இதனோடு ஒத்துப்போகிறது.

பூக்காலத்தைப் பின்னாலிருந்து இழுக்கும் கயிறு ஒன்றும் உண்டு, அது விதை. கர்ஜனின் இரு சிறகுக் காய்கள் சுழன்று விழும்போது அதன் விதை ஏற்கெனவே முளைக்கத் தயாராக இருக்கும். சில வாரங்களுக்கு மேல் உயிரோடு கிடக்க அதனால் முடியாது. ஆகவே மழை தொடங்கும் காலத்துக்கு அருகில் காய் முற்ற வேண்டும், அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, வறட்சியிலேயே, பூ மலர வேண்டும். படாக்கின் தட்டையான சிறகுக் காயோ வறண்ட காற்றில் பறப்பதற்கு உரியது. மழைக்காலத்தில் பூத்தால்தான் அடுத்த வறண்ட பருவத்தில் காய் உலர்ந்து பறக்கும். இரு மரங்களும் ஒரே மழையை நம்பியிருந்தும் எதிரெதிர் பருவங்களில் பூப்பதற்கு விதைகளின் இந்த வேறுபாடு ஒரு காரணம்.

மேலே இடமில்லாத மலை

வெப்பமடையும் உலகில் மலை மரங்கள் மேல்நோக்கி நகர்ந்து தமக்குப் பழகிய குளிர்ச்சியைத் தேடும் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. ஆயிரம் மீட்டருக்கு 6.5 பாகை என்ற கணக்கில், ஒரு பாகை வெப்ப உயர்வை ஈடுகட்ட 154 மீட்டர் மேலேற வேண்டும். இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக ஒரு பாகை வெப்பமடைந்துவிட்டது. நீலகிரியில் ஓர் இனம் மேலேறுவதற்கு இன்னும் இடம் இருக்கலாம்; 365 மீட்டர் மலையில் இரண்டரை பாகை உயர்வோடு ஏணியே முடிந்துவிடும். அந்தமானின் மிக உயர்ந்த சிகரமான வடக்கு அந்தமானின் சாடில் பீக் கூட 732 மீட்டர்தான். அங்கு போவதற்கும் இடையில் கடலும் ஊர்களும் உள்ளன.

வெப்ப உயர்வைவிடவும் கவனிக்கப்பட வேண்டியது மேகத்தளமும் மழை தொடங்கும் நாளும். காற்று வெப்பமடைந்து அதே அளவு நீராவி சேராமல் போனால், பனிநிலைக்கும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி ஒரு பாகை கூடினாலே மேகத்தளம் 125 மீட்டர் உயர்ந்து முகட்டை விட்டு விலகிவிடும். பருவமழை சில வாரங்கள் பிந்தினால், முளைக்கத் தயாராக விழுந்த கர்ஜன் விதைகள் காய்ந்த மண்ணில் கெட்டுப்போகும். கோடை நடுவே பெய்யும் பருவம் தவறிய மழை, காத்திருக்கும் மொட்டுகளை அகாலத்தில் விரித்துவிடும். இவற்றுள் எது எந்த அளவுக்கு நிகழ்கிறது என்பதை அறிய நெடுங்காலப் பதிவு வேண்டும். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரிப் பூப்பு பற்றிய குறிப்புகள் கி.பி. 812 முதல் கிடைப்பதால்தான், 2021 மார்ச் 26-இல் நிகழ்ந்த முழுப் பூப்பு அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் மிக முந்தியது என்று துணிந்து சொல்ல முடிந்தது.

அந்தமானில் தாவரப் பதிவுக்கு நல்ல அடித்தளம் உண்டு. சுல்பிஸ் குர்ஸின் தாவர அறிக்கை 1870-இல் வந்தது. பார்க்கின்சனின் காட்டுத் தாவர நூல் 1923-இல் வந்தது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மண்டல மையம் 1972 முதல் போர்ட் பிளேரில் இயங்குகிறது. எந்த மரம் எங்கே உள்ளது என்பதை இவை கூறுகின்றன. அதே மரம் அடிவாரத்திலும் இடைச்சரிவிலும் முகட்டிலும் எந்த வாரத்தில் பூக்கிறது என்பதை ஆண்டுதோறும் எழுதிவைக்க ஆய்வகம் தேவையில்லை. இந்தியா முழுவதும் பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் பங்குபெறும் சீசன்வாட்ச் திட்டத்தின் முறை மிக எளிது: ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரந்தோறும் அதன் இலை, பூ, காய் ஆகியவற்றின் நிலையைக் குறித்துவர வேண்டும். தமிழர்கள் கணிசமாக வாழும் பாம்பூஃப்ளாட்டின் பள்ளிகள், ஜெட்டி முதல் முகடு வரையிலான சாலையோரத்தில் மூன்று உயரங்களில் மூன்று படாக் மரங்களையும் மூன்று தித்போக் மரங்களையும் தேர்ந்து, மழையளவையும் உடன் எழுதிவரலாம். பத்து ஆண்டுகள் விடாமல் எழுதப்பட்டால், வெப்பமண்டலத் தீவு மலையில் பூக்காலத்தை நகர்த்துவது உயரத்தின் குளிரா, முகட்டின் ஈரமா என்ற கேள்விக்கு அந்த நோட்டுப் புத்தகங்களே மதிப்புமிக்க சான்றாக அமையும். அப்பணியை அடுத்த வறண்ட பருவம் தொடங்கும் ஜனவரியிலேயே ஆரம்பிப்பது நல்லது.